அனிமேஷன், கேம் ஆர்ட் படிப்பு: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே போன் வர ஆரம்பித்துவிடுகிறது. "சார், உங்க பையன் நல்லா வரைவான்னு கேள்விப்பட்டோம். அனிமேஷன், விஎஃப்எக்ஸ், கேமிங் மூணும் சேர்ந்த கோர்ஸ் இருக்கு. இந்த பேட்ச்ல இன்னும் ரெண்டே சீட்தான் பாக்கி." பையன் வரைவான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது ஒரு கல்விக் கண்காட்சியில் அவன் நிரப்பிக் கொடுத்த படிவமாக இருக்கும். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் மூன்று லட்சம், நாலு லட்சம் என்று ஒரு தொகை வரும். அப்பா தயங்குவதற்குள், "மொத்தமா கட்ட வேணாம் சார், மாசா மாசம் கட்டினா போதும்" என்பார்கள்.

பொறியியல் சேர்வதென்றால் கலந்தாய்வு இருக்கிறது, கட்-ஆஃப் இருக்கிறது, கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழு இருக்கிறது. குறைந்தபட்சம், அதே கல்லூரியில் படித்த பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவராவது இருப்பார். அனிமேஷன் பயிற்சி மையங்கள் விஷயத்தில் இவை எதுவுமே இல்லை. விளம்பரப் பலகையில் உள்ள படத்தையும் போனில் பேசுகிறவரின் வார்த்தையையும் நம்பித்தான் பெரும்பாலான குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. எனவே எந்த மையம் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், இந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

துறை வளர்கிறதா, சரிகிறதா?

இரண்டும்தான். ஒரு பக்கம் அரசின் ஆர்வம். 2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் ஆகியவற்றுக்காக ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் இந்தத் துறைக்கென மும்பையில் ஒரு தேசிய மையம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுதான் இப்போது இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக ஐஐசிடி. பயிற்சி மையங்களின் துண்டுப் பிரசுரங்களில் இந்தச் செய்திகள் தவறாமல் இடம்பெறும்.

அந்தப் பிரசுரங்களில் இடம்பெறாத செய்திகளும் உண்டு. 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் அடுத்தடுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். படப்பிடிப்பு நின்றதால், அங்கிருந்து வரும் வேலையை நம்பியிருந்த இந்திய விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களும் அடிவாங்கின. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தது. எம்பிசி, தி மில் போன்ற உலகப் புகழ்பெற்ற ஸ்டுடியோக்களை வைத்திருந்த குழுமம் அது. பெங்களூரிலும் மும்பையிலும் அதன் அலுவலகங்கள் மூடப்பட, இந்தியாவில் மட்டும் சுமார் மூவாயிரம் பேர் வேலையிழந்ததாகச் செய்திகள் வந்தன. இது புதிய கதையும் இல்லை. புதுச்சேரியில் படமாக்கப்பட்ட காட்சிகளைக் கொண்ட 'லைஃப் ஆஃப் பை' 2013இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கர் வாங்கியபோது, அந்த வேலையைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் சில நாட்களுக்கு முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது.

கேமிங் பக்கமும் ஒரு குலுக்கல் நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் போன்ற செயலிகளை நடத்திய நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. ஒரு செயலிக்கு வேண்டிய பட்டன், அட்டை, பின்னணி எல்லாவற்றையும் வரைகிற கலைஞர்களும் அந்த நிறுவனங்களில்தான் வேலை பார்த்தார்கள். இ-ஸ்போர்ட்ஸையும் பணம் சம்பந்தப்படாத விளையாட்டுகளையும் அதே சட்டம் ஊக்குவிக்கிறது என்பதும் உண்மை.

ஆகவே வேலையே கிடையாது என்று பயப்பட வேண்டியதில்லை. இந்தத் துறையில் வேலை அலையலையாக வரும், அலையலையாகப் போகும். அப்படிப்பட்ட துறைக்குள் கடன் சுமையோடு நுழைகிறவருக்கும் கடனில்லாமல் நுழைகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஆறு மாதம் வேலை இல்லாவிட்டால் ஒருவர் ஷோரீலை மெருகேற்றிக்கொண்டு காத்திருப்பார். இன்னொருவர் தவணை கட்டுவதற்காகக் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்.

சாஃப்ட்வேர் கற்க எவ்வளவு செலவாகும்?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பயிற்சி மையங்கள் அதிகம் சொல்லாத தகவல் இது. முப்பரிமாண மாடலிங், அனிமேஷன், லைட்டிங், கம்ப்பாசிட்டிங் என எல்லாவற்றையும் செய்யக்கூடிய பிளெண்டர் மென்பொருள் 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' படம் பிளெண்டரில் உருவானது. வசனமே இல்லாத அந்தப் படம் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை, பெரிய ஸ்டுடியோக்களின் படங்களைத் தாண்டி வாங்கியது. கேம் உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சினையும் கற்க, பழக எந்தக் கட்டணமும் இல்லை. அதில் செய்த விளையாட்டு பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தால்தான் அதற்கு மேற்பட்ட வருமானத்தில் 5 சதவீத ராயல்டி கேட்பார்கள். ஸ்டுடியோக்களில் பரவலாகப் புழங்கும் மாயா கூட, அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. வரைவதற்கு கிரிட்டா இருக்கிறது, அதுவும் இலவசம்.

பாடமும் அப்படித்தான். பிளெண்டரில் ஒரு டோனட்டைச் செய்யக் கற்றுத்தரும் யூடியூப் தொடரைப் பார்த்துத்தான் உலகமெங்கும் ஒரு தலைமுறையே இந்தத் துறைக்குள் கால் வைத்திருக்கிறது. தமிழிலும் பிளெண்டர் பாடங்கள் கிடைக்கின்றன. செலவு என்றால் கணினிதான். ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒன்று வாங்க முக்கால் லட்சத்திலிருந்து ஒரு லட்சம் வரை ஆகலாம்.

அப்படியானால் பள்ளி எதற்கு? மூன்று விஷயங்களுக்கு அது தேவைப்படுகிறது. செய்த வேலையைப் பார்த்து, "இந்த நடையில எடையே இல்லை, இடுப்பு எப்படி இறங்கும்னு பாரு" என்று திருத்துகிற ஆள் வேண்டும். போட்டி போட்டு வரைகிற நாலு சக மாணவர்கள் வேண்டும். கடைசியாக, செல்லுபடியாகிற ஒரு பட்டம் வேண்டும். இந்த மூன்றில் எத்தனை கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் கட்டணம் அதிகமா குறைவா என்று சொல்ல முடியும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் சாஃப்ட்வேர் மெனுவை மட்டும் சொல்லிக்கொடுக்கிற இடம் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டாலும் அது விலை கூடத்தான்.

பட்டம் யார் கையெழுத்தில் வருகிறது?

"ஸ்டுடியோக்காரன் சர்டிபிகேட்டையா பார்க்கிறான், ஷோரீலைத்தான் பார்க்கிறான்" என்று மையங்களில் சொல்வார்கள். இது பெருமளவு உண்மை. ஒன்றரை நிமிட ஷோரீல்தான் வேலை வாங்கித் தருகிறது. ஆனால் இந்த உண்மை முழுசாக இல்லை. வெளிநாட்டு ஸ்டுடியோ வேலைக்கு விசா கேட்கும்போது பட்டம் கேட்பார்கள். மேற்படிப்புக்கும் கேட்பார்கள். ஐந்து வருடம் கழித்து, இந்த வேலை வேண்டாம், டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதலாம் என்று தோன்றினாலும் பட்டம் வேண்டும். அலையாக வந்து போகிற துறையில் பட்டம் என்பது ஒரு காப்பீடு மாதிரி.

இங்கேதான் குழப்பம். 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டப்படி பல்கலைக்கழகங்களும், சட்டம் அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். தனியார் பயிற்சி மையம் தருவது அந்த மையத்தின் சான்றிதழ் மட்டுமே. சில மையங்கள், "எங்ககிட்ட படிச்சா டிகிரியும் சேர்ந்து வரும்" என்று ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லும். அந்தப் பட்டம் தொலைநிலைக் கல்வி வழியாக வருகிறதா, நேரடிக் கல்லூரிப் பட்டமா என்று கேட்க வேண்டும். தொலைநிலை என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி உண்டா என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்கலாம். தொலைநிலைப் படிப்பை ஃபிராஞ்சைஸ் மையம் மூலம் நடத்த யுஜிசி விதிகள் அனுமதிப்பதில்லை. "யுனிவர்சிட்டி டை-அப்" என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

அங்கீகாரம் இல்லாவிட்டால் இழப்பது பட்டம் மட்டுமல்ல. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறதே, அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படிப்புகளில் சேர்ந்தவர்களுக்குத்தான். தனியார் மையத்தின் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தால் அது கைவிட்டுப் போகும். வங்கிக் கல்விக் கடனிலும் இதே கதை. இன்னொன்றும் உண்டு. சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதியைத் தரும் படிப்புக்கு ஜிஎஸ்டி இல்லை. அங்கீகாரமில்லாத பயிற்சிக்கு 18 சதவீதம் உண்டு. போனில் மூன்று லட்சம் என்று சொன்னது ரசீது போடும்போது மூன்று லட்சத்து ஐம்பத்து நாலாயிரம் ஆகிவிடுவது இதனால்தான்.

'மாசா மாசம் கட்டினா போதும்'

இந்தத் துறையில் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மையத்துக்குத் தவணையில் ஃபீஸ் கட்டுவதாகப் பெற்றோர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் பல இடங்களில் நடப்பது வேறு. சேர்க்கை மேஜையிலேயே ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்கள் வாங்கப்படும். மொபைலுக்கு ஓர் ஓடிபி வரும். அதைச் சொன்னதும் வங்கி அல்லாத ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து அப்பா அல்லது அம்மா பெயரில் கடன் எழுந்துவிடும். அந்த நிறுவனம் முழுத் தொகையையும் மையத்துக்குக் கொடுத்துவிடும். அன்றோடு மையத்தின் கணக்கு முடிந்தது. அதன் பிறகு குடும்பத்துக்கும் கடன்காரருக்கும் இடையிலான விஷயம்தான்.

ஆசிரியர் பாதியில் போய்விட்டார், பையனுக்குப் பிடிக்கவில்லை, மையத்தையே மூடிவிட்டார்கள் என்று எது நடந்தாலும் தவணை நிற்காது. நிறுத்தினால் அப்பாவின் சிபில் மதிப்பெண் இறங்கும். நாளைக்கு அவர் வீட்டுக் கடனோ, தங்கை படிப்புக்குக் கடனோ கேட்கும்போது அது வந்து நிற்கும். கல்லூரிகளில் சேர்ந்து குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி விதி இருக்கிறது. தனியார் பயிற்சி மையத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. கையெழுத்துப் போட்ட படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3,54,000 ரூபாயை வட்டியே இல்லாமல் 24 மாதத்தில் கட்டினாலும் மாதம் 14,750 ரூபாய். படிப்பு முடித்த பையனுக்கு முதல் வேலையில் மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வளசரவாக்கத்திலோ வடபழனியிலோ நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, சாப்பிட்டு, பஸ்ஸில் போய்வந்தால் எவ்வளவு மிஞ்சும்? படிக்கும்போதே தவணை ஓடுவதால், அதை அந்த இரண்டு வருடமும் கட்டப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான்.

"வட்டியில்லா தவணை" என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கடன் கொடுக்கிறவர் சும்மா கொடுப்பதில்லை. பெரும்பாலும் அந்த வட்டியை மையம் தன் ஃபீஸிலிருந்து கழித்துக் கொடுக்கிறது, அதாவது ஃபீஸிலேயே அது ஏற்றப்பட்டிருக்கிறது. ஆகவே கையில் பணம் வைத்துக்கொண்டு கட்டுகிறவர் தள்ளுபடி கேட்கலாம். கடன் வேண்டாம், பருவத்துக்குப் பருவம் மையத்துக்கே நேரடியாகக் கட்டுகிறோம் என்றும் கேட்கலாம். ஒப்புக்கொள்கிற இடமும் உண்டு. முடியவே முடியாது, கடன் மூலம்தான் என்று அடம்பிடிக்கிற இடத்தில், மாணவன் பாதியில் விலகிவிடக்கூடும் என்று அவர்களே எதிர்பார்க்கிறார்களோ என்ற சந்தேகம் வருவது நியாயம்.

அங்கீகரிக்கப்பட்ட படிப்பு என்றால் நிலைமையே வேறு. வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்பதில்லை. கடன் உத்தரவாத நிதியின் கீழ் வந்தால் 7.5 லட்சம் வரை பிணையமில்லாமல் கிடைக்கும். முக்கியமாக, படிப்பு முடிந்து ஓராண்டு வரை திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்குப் பிணையமும் உத்தரவாதமும் இல்லாத கடனை அனுமதிக்கிறது.

சரி, எங்கேதான் சேர்வது?

சென்னை தரமணியில் எம்ஜிஆர் அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு படிக்கிற இடமாகவே அது பலருக்குத் தெரியும். அங்கே அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸில் நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் அது. கட்டணத்தைத் தனியாரோடு ஒப்பிடவே முடியாது. இடங்கள் மிகக் குறைவு என்பதுதான் சிக்கல். சேர்க்கை அறிவிப்பு கோடையில் பேப்பரில் ஒரு மூலையில் வரும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தவைதான் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள். சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. இங்கே அனிமேஷன் என்ற பெயரில் படிப்பு தேடினால் ஏமாற்றமாக இருக்கும். ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்றுதான் இருக்கும். ஆனால் உடற்கூறு, ஒளி, தொலைத்தோற்றம், களிமண்ணில் உருவம் என்று நாலு வருடம் கை பழகியவர்தான் பின்னால் நல்ல கதாபாத்திரக் கலைஞராகவோ சூழல் வடிவமைப்பாளராகவோ வருகிறார். சாஃப்ட்வேரை வீட்டில் கற்றுக்கொள்ளலாம், இதை வீட்டில் கற்பது கஷ்டம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பாரதியார் பல்கலைக்கூடம் உண்டு. குறைந்த செலவில் படிக்க வேண்டும், வரையவும் தெரியும் என்கிற பிள்ளைக்கு, கவின்கலைப் பட்டமும் வீட்டில் பிளெண்டரும் என்ற சேர்க்கையைப்போல் லாபமானது வேறு இல்லை.

அடுத்து, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள விஷுவல் கம்யூனிகேஷன். இதில் கல்லூரிக்குக் கல்லூரி தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். அரசு உதவி பெறும் கல்லூரியிலும் விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாக இருக்கும் என்பதால், அந்தப் பிரிவின் கட்டணத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். நாலு வருடம் படிக்க வசதியில்லை, சீக்கிரம் வேலைக்குப் போகணும் என்கிறவர்களுக்கு ஐடிஐ பாடப்பிரிவுகளிலேயே மல்டிமீடியா அனிமேஷன் மற்றும் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் என்று ஓராண்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் எந்த ஐடிஐயில் உண்டு என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்கலாம்.

தேசிய அளவில் அகமதாபாத் என்ஐடி. திருச்சி என்ஐடி இல்லை, இது தேசிய வடிவமைப்பு நிறுவனம். 1961இல் தொடங்கிய இங்கே அனிமேஷன் படிப்புக்குத் தனி மரியாதை உண்டு. எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களும் இதன் நுழைவுத் தேர்வை எழுதலாம், முதல்கட்டத் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம். ஐஐடிகளின் வடிவமைப்புப் பட்டத்துக்கு யூசீட் என்று தனித் தேர்வு இருக்கிறது. பட்டம் முடித்தவர்கள் மும்பை ஐஐடியில் அனிமேஷன் முதுகலை வடிவமைப்பையும் கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் சினிமாவையும் முயற்சி செய்யலாம். ஆனால் அரசு நிறுவனம் என்றால் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். அகமதாபாத் என்ஐடியில் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்தால் நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு, வங்கிக் கடனும் எளிதாகக் கிடைக்கும். இத்தனைக்கும் மேல் அங்கே படித்தவர்களின் வேலைகளைப் பார்த்தால் அந்தச் செலவு எதற்கென்று விளங்கும்.

கேம் ஆர்ட் தனி வித்தை

அனிமேஷன், விஎஃப்எக்ஸ், கேமிங் மூன்றையும் பத்து மாதத்தில் சொல்லித்தருகிறோம் என்பதைக் கேட்டாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். இவை மூன்று தொழில்கள். விஎஃப்எக்ஸில் புதிதாகச் சேர்கிறவர் பெரும்பாலும் ரோட்டோ வேலையில்தான் தொடங்குவார். திரையில் ஓடுகிற ஆளை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டிப் பிரிக்கிற வேலை. ஐந்து விநாடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். சென்னை ஸ்டுடியோக்கள் பலருக்கு முதல் வாசலாக இருந்தது இதுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் கைவைத்திருப்பதும் இதே வேலையில்தான். பாடத்திட்டத்தில் பாதி ரோட்டோவும் பெயின்ட்டுமாக இருந்தால், ஆட்கள் தேவை குறைந்துகொண்டே வரும் வேலைக்கு ஃபீஸ் கட்டுவதாக ஆகும்.

கேம் ஆர்ட்டில் அழகான படம் போதாது. அது ஓட வேண்டும். சினிமாவில் ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்யக் கணினி மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டிலோ விநாடிக்கு முப்பது, அறுபது ஃபிரேம் உடனுக்குடன் வந்தாக வேண்டும், அதுவும் சாதாரண ஆண்ட்ராய்டு போனில். அதனால் ஒரு மரப்பெட்டியைச் செய்தாலும் எத்தனை பாலிகன், டெக்ஸ்சர் எவ்வளவு பெரியது, தூரத்தில் போனால் எளிய மாடலாக மாறுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். மாணவரின் ஷோரீலில் பளபளவென்று ஒரு கார் சுற்றுவதைவிட, எஞ்சினுக்குள் ஓடுகிற ஒரு சிறிய டீக்கடை அதிகம் பேசும்.

வேலை எங்கே இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். சென்னையில் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. கேம் ஆர்ட் வேலைகள் பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம்தான் அதிகம். 1997இலேயே பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு ஆர்ட் செய்துகொடுத்து வளர்ந்து, 2019இல் ராக்ஸ்டார் நிறுவனத்தின் கைக்குப் போனது. சின்னக் குழுக்களும் சாதிக்கலாம் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்கு 'வெண்பா' நினைவுக்கு வரும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் அந்த விளையாட்டை டொரன்டோவில் ஒரு சிறிய ஸ்டுடியோ உருவாக்கியது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. இட்லியும் புட்டும் தோசையும் அதில் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், தாங்கள் வளர்ந்த வீட்டைக் கவனித்துப் பார்ப்பதும் பயிற்சிதான் என்பது மாணவர்களுக்குப் புரியும்.

நேரில் போகும்போது

கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் ஹாலிவுட் போஸ்டர் எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த போஸ்டரில் உள்ள படத்தில் அந்த மையத்தின் மாணவர் யாராவது வேலை செய்திருக்கிறாரா என்று கேட்டாலே பாதி பேச்சு அடங்கிவிடும். முதலில் கேட்க வேண்டியது, போன வருடம் முடித்த மாணவர்களின் ஷோரீல். மிகச் சிறந்த ஒருவருடையதை மட்டும் காட்டுவார்கள். அந்த பேட்ச் முழுவதையும் கேட்க வேண்டும். நடுத்தர மாணவரின் வேலை எப்படி இருக்கிறதோ அதுதான் அந்த மையத்தின் தரம். பத்துப் பேர் ரீலிலும் ஒரே ரோபோ, ஒரே அறை வந்தால், எல்லோரும் ஒரே டுடோரியலைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாடம் எடுப்பவர் யார், அவர் எந்தப் படத்தில், எந்த விளையாட்டில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கலாம். நேற்று அங்கேயே படித்து முடித்தவர் இன்று அங்கேயே ஆசிரியராக இருப்பது இந்தத் துறையில் சாதாரணம். எத்தனை மாணவருக்கு எத்தனை கணினி, வகுப்பு முடிந்த பிறகு லேபில் உட்கார விடுவார்களா என்பது, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

"நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றால், படிவத்தில் அது எந்த வார்த்தையில் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். "வேலைவாய்ப்பு உதவி" என்று இருந்தால் இன்டர்வியூ இருப்பதைச் சொல்லி அனுப்புவார்கள், அவ்வளவுதான். பயிற்சி மையங்களின் பொய் விளம்பரத்தைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. வேலை உத்தரவாதம் என்று சொல்லக் கூடாது என்கிறது அது. ஆனால் நடனம், நாடகம் போன்ற படைப்புசார் செயல்பாடுகளுக்கு அதில் விலக்கு இருப்பதால், அனிமேஷன் மையங்கள் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கலாம். அப்படியே ஒளிந்தாலும் தவறான விளம்பரத்துக்கு எதிராக 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனில் சொன்ன வாக்குறுதிகளை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டால்தான் அங்கே பேச முடியும்.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்குள் கிடைக்கும் ஒன்றரை மாதத்தில், தெரிந்தவர் கணினியிலாவது பிளெண்டரைப் போட்டு, ஒரு பந்து துள்ளுவதையும் ஒரு ஆள் நடப்பதையும் செய்து பார்க்கலாம். கேம் ஆர்ட் என்றால் தெருமுனைப் பெட்டிக்கடையை மாடல் செய்து பார்க்கலாம். விளையாடப் பிடிக்கும் என்பதற்காகவோ கார்ட்டூன் பார்க்கப் பிடிக்கும் என்பதற்காகவோ வந்தவர்கள் பத்தாவது நாளே சலித்து எழுந்துவிடுவார்கள். அது தெரிந்தால் மூன்றரை லட்சம் மிச்சம். அறுபதாவது ஃபிரேமில் கால் வழுக்குகிறதே என்று சாப்பாட்டையும் மறந்து திருத்திக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால், எம்ஜிஆர் நிறுவனத்துக்கும் கவின்கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடலாம், அடுத்த என்ஐடி தேர்வுக்குத் தயாராகலாம். அந்த ஒன்றரை மாதத்தில் செய்தவைதான் அதன் முதல் ஷோரீல்.